குறை: மெக்கானிக் போகிறார்

அன்பும் மதிப்பும் மிக்க அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, பாப்பா மூவரும் நலம். வெறும் நலம் இல்லை, இன்னும் இரண்டு வருடத்துக்கு முத்திரை குத்தப்பட்ட நலம். அங்கே உங்கள் முழங்கால், அக்காவின் ரத்த அழுத்தம், மாடி வீட்டுக் குடித்தனக்காரர் ஆகிய மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

நான்கு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று அக்கா போனில் கோபித்துக்கொண்டாள். "உயிரோட இருக்கானான்னு பாக்கறதுக்குத்தான் போன். மனுஷனா இருக்கானான்னு பாக்க லெட்டர்தான் வேணும்" என்று நீங்கள் சொன்னதாகவும் சொன்னாள். நியாயம்தான். ஆனால் இந்த நான்கு மாதமும் எழுதும்படியான நிலைமையில் நான் இல்லை. இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. முடிந்ததற்கு முதல் காரணம் நீங்கள் கொடுத்த யோசனை. முடியாமல் போகப் பார்த்ததற்கும் அதே யோசனைதான் காரணம். இருந்தாலும் நன்றி சொல்லும்போது அப்படியெல்லாம் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஒரு வேண்டுகோள்: இதில் உள்ள எதுவும் உங்கள் தங்கைக்குத் தெரியாது. பாப்பாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும் சமயத்தில் வீட்டில் பதற்றம் வேண்டாம் என்று எல்லாவற்றையும் நான் ஒருவனே சுமந்தேன். அக்காவிடம் சொல்லுங்கள், ஆனால் அக்காவிடம் போன் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலில் அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் பாதி இருக்கும். அதில் என் படம், படத்துக்குக் கீழே என் பெயர், பெயருக்குக் கீழே நான் வேலை செய்யும் லிஃப்ட் கம்பெனியின் பெயர். என் பெயரைவிட அது கொஞ்சம் பெரிய எழுத்து. இங்கே நான் தங்குவதும் உழைப்பதும் அந்த ஓர் அட்டையின் தயவில்தான். உங்கள் தங்கைக்கும் பாப்பாவுக்கும் ஆளுக்கொன்று உண்டு. அவர்கள் அட்டையில் கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சார்ந்திருப்பவர்' என்று போட்டு, பக்கத்தில் என் அட்டை எண்ணைப் போட்டிருப்பார்கள். என் அட்டை செத்தால் அந்த இரண்டும் உடன்கட்டை ஏறிவிடும். இருபத்தெட்டு நாளில் மூவரும் மூட்டை கட்ட வேண்டும். வேலை மாறவே கூடாது என்பதில்லை, மாறலாம். புது முதலாளி விண்ணப்பம் போட வேண்டும், பழைய முதலாளி விடுவிக்கிறேன் என்று எழுத வேண்டும், இரண்டும் பழைய அட்டையின் கடைசித் தேதிக்குள் அனுமதி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவரை பழைய இடத்திலேயே வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். ஆற்றின் நடுவே ஒரு பரிசலிலிருந்து இன்னொரு பரிசலுக்குக் கால் மாற்றி வைப்பது மாதிரி. இரண்டு பரிசல்காரரும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டால் பிழைத்தோம்.

ஏன் மாற வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். கம்பெனியில் குறை ஒன்றுமில்லை. ஆனால் பதினோரு வருடமாக என் சட்டைப் பையில் கிடக்கும் அந்த போன் எப்போது அடிக்கும் என்று எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. பாப்பாவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் நான் பாதியில் எழுந்து போவேன் என்று தெரிந்து வாத்தியார்கள் என்னைக் கதவோரம் உட்காரவைக்கப் பழகிவிட்டார்கள். இந்த நிலையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆள் கேட்டார்கள். ஒரே கட்டடம், எட்டு லிஃப்ட், காலையில் போனால் சாயங்காலம் வீடு. அங்கிருந்த இன்ஜினியர் என்னை நாற்காலியில்கூட உட்காரச் சொல்லவில்லை, நேரே மொட்டைமாடி மோட்டார் ரூமுக்கு அழைத்துப்போய், "இதக் கேளுங்க" என்றார். கேட்டேன். "பிரேக் லைனர் தேஞ்சிருக்கு சார். இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்றேன். "இப்ப வர்ற ஆளு மோட்டாரையே மாத்தணுங்கறாரு. நீங்க எப்ப வர்றீங்க?" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. மறுநாளே விண்ணப்பத்தையும் போட்டுவிட்டார்.

மிச்சம் இருந்தது எங்கள் முதலாளியிடம் சொல்வது ஒன்றுதான். அவரை நாங்கள் ஸ்பேனர் அண்ணன் என்போம். முதலாளியாகி இருபது வருடமாகியும் சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் பத்து-பன்னிரண்டு அளவு ஸ்பேனர் ஒன்றுதான் இருக்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். கத்த மாட்டார், திட்ட மாட்டார், அதுதான் கஷ்டமே. திட்டுகிற முதலாளியாக இருந்தால் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். முதல் தடவை அவர் அறைக்குள் போனேன். நிமிர்ந்து பார்த்து, "என்னய்யா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, என்ன பிரச்சனை?" என்றார். பிரச்சனை என்று கேட்டால் ஒரு பிரச்சனையைச் சொல்ல வேண்டும் அல்லவா? "மூணாவது ப்ளாக்ல ரோப் மாத்தணும்ணே" என்றேன். "அட, இதுக்கா இவ்வளவு யோசிக்கற? மாத்திடு" என்றார். இரண்டாம் தடவை, கிடங்கு லிஃப்ட்டின் குழியில் தண்ணீர் ஊறுகிறது என்றேன். பம்பு வந்தது. மூன்றாம் தடவை, நூலகத்தின் கதவு சென்சார். ஆக, மூன்று முறை ராஜினாமா செய்யப் போய் மூன்று லிஃப்ட் புதுசானதுதான் மிச்சம். அந்தக் கட்டடத்து ஜனங்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

அப்போதுதான் உங்களுக்கு போன் செய்தேன். நினைவிருக்கும். பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர் நீங்கள். பாதிகூடச் சொல்லவிடாமல், "வாயால சொல்றது காத்தோட போயிடும்டா மாப்ள. எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்றீர்கள். எனக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. உடனே எழுதினேன். எதில் எழுதினேன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தது எதுவும் அங்கே யாருடைய கண்ணிலும் பட்டதில்லை. பாப்பாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நான் கேட்ட லீவு லெட்டர் இன்னும் நிலுவையில் இருக்கிறது, அவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அங்கே செல்லுபடியாகிற ஒரே தாள் சர்வீஸ் ரிப்போர்ட். மஞ்சள் நிறம், ஆறு கட்டம். அதைக் கொடுத்தால் ரிப்போர்ட் அக்கா கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஏற்றிவிட்டால் அது நடந்தே தீரும். ரிப்போர்ட்டில் வராதது உலகத்திலேயே நடக்காதது என்பது அந்த அக்காவின் கொள்கை. பதினோரு வருடமாக நானும் அதைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. ஆகவே நன்றாக யோசித்து, திருத்தமான எழுத்தில் இப்படி நிரப்பினேன். இடம்: தலைமை அலுவலகம். குறை: மெக்கானிக் போகிறார். காரணம்: பதினோரு வருடத் தேய்மானம். செய்த வேலை: வேறு இடம் பார்த்தாகிவிட்டது. தேவைப்படும் பொருள்: விடுவிப்புக் கடிதம், ஒன்று. அடுத்த வருகை: இல்லை. பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தேன். கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை என் போனில் மணி அடித்தது. புது கம்ப்ளெயின்ட். இடம், தலைமை அலுவலகம். குறை, மெக்கானிக் போகிறார். ஒதுக்கப்பட்ட ஆள், நான். ரிப்போர்ட் அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, இது நான்தான்!"

"தெரியும் தம்பி. ஹெட் ஆபீஸ் உன் ஏரியாதானே? அதான் உனக்கே போட்டேன்."

"ஐயோ, இதுல போறதே நான்தான்க்கா. நானே போய் என்னத்த அட்டெண்ட் பண்றது?"

"அது எனக்குத் தெரியாது. குறைன்னு எழுதியிருக்க. குறைன்னா ஒரு ஆளு போய்ப் பாக்கணும். நாப்பத்தெட்டு மணி நேரத்துல முடிஞ்சுதுன்னு போடலைன்னா சிவப்பாயிடும். சிவப்பானா நேரா முதலாளி மேஜைக்குப் போயிடும்."

எனக்கு வேண்டியதும் அதுதானே அத்தான்! முதலாளி மேஜைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். சும்மா இருந்தால் போதும். ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பதினோரு வருடத்தில் என் பெயரில் ஒரு கம்ப்ளெயின்ட்கூடச் சிவப்பானதில்லை. மழையில், ஜுரத்தில், தீபாவளி அன்றுகூட ஆனதில்லை. கம்பெனியில் அப்படி இருப்பவன் நான் ஒருவன்தான். நாற்பதாவது மணி நேரத்தில் அந்த வரி மஞ்சளானது. நாற்பத்தைந்தில் ஆரஞ்சானது. எனக்கு வேர்த்தது. சோற்றில் கை வைக்க முடியவில்லை. நாற்பத்தேழாவது மணி நேரம் முடியும்போது என் கட்டைவிரல் தானாகப் போய் 'முடிந்தது' என்பதை அழுத்திவிட்டது. சத்தியமாக நான் அழுத்தவில்லை, பழக்கம் அழுத்தியது. உடனே அந்த வரி பச்சையானது. மனசும் குளிர்ந்தது. பிறகுதான், என்ன செய்துவிட்டோம் என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த மாதக் கூட்டத்தில் ஸ்பேனர் அண்ணன் எல்லார் முன்னாலும் என்னை எழுப்பி நிறுத்தி, தலைமை அலுவலகத்தில் எழுந்த ஒரு குறையைக் கெடு முடிவதற்குள் வெளியாள் உதவியில்லாமல் சரிசெய்ததற்காகக் கை தட்டவைத்தார். என்ன குறை என்று அவர் பார்க்கவில்லை. அவர் எண்ணிக்கையை மட்டும்தான் பார்ப்பார். நானும் கைகூப்பி ஏற்றுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

இத்தோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அனுமதி அலுவலகத்திலிருந்து கம்பெனிக்கு ஒரு விசாரணைக் கடிதம் வந்தது: உங்கள் மெக்கானிக் வேறு இடத்துக்குப் போக விண்ணப்பம் வந்திருக்கிறது, விடுவிக்கிறீர்களா? ரிப்போர்ட் அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "மேற்படி குறை சென்ற மாதமே சரிசெய்யப்பட்டுவிட்டது" என்று பதில் எழுதி, என் மஞ்சள் தாளின் நகலையும் இணைத்து அனுப்பிவிட்டார். பத்து நாளில் எனக்கு போனில் தகவல் வந்தது. விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, முந்தைய நிறுவனம் விடுவிக்கவில்லை. ஆஸ்பத்திரி இன்ஜினியர், "மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக வெச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். அட்டையின் கடைசித் தேதியும் மாதக் கடைசிதான், முப்பது. ஆஸ்பத்திரி விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் பழைய கம்பெனியாலும் என் அட்டையைப் புதுப்பிக்க முடியாது. இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்றால் இருபத்தெட்டு நாளில் மூவரும் கிளம்ப வேண்டும். பாப்பாவின் பரீட்சைக்கு இருந்ததோ நாற்பது நாள். நான் வேண்டுமானால் எங்கே போயும் ஸ்பேனர் பிடிப்பேன். அந்தப் பெண் இரண்டு வருடம் படித்த பாடத்தை வேறு எந்தப் பள்ளியில் போய் ஒப்பிப்பாள்? ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவள் ரசாயனச் சமன்பாடுகளைச் சத்தமாகச் சொல்லுவாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நாட்களைக் கழித்துக்கொண்டிருப்பேன்.

இருபத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, கடைசி வேலை நாள். காலையில் அனுமதி அலுவலகத்தின் ஆறாம் மாடிக்குப் போய் நின்றேன். கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. என் கோப்பைத் திறந்து மஞ்சள் தாளைப் படித்தார். மறுபடி படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "சார், நான் இங்க பதினாறு வருஷமா இருக்கேன். 'பதினோரு வருடத் தேய்மானம்'னு யாரும் எழுதிப் பாத்ததில்ல" என்றார். பிறகு, "ஒரே வழிதான் இருக்கு. உங்க முதலாளி நேர்ல வந்து, என் முன்னாடி கையெழுத்துப் போடணும். நாலு மணிக்குக் கவுன்ட்டர் மூடிடுவோம்" என்றார்.

இரண்டு மணிக்கு ஸ்பேனர் அண்ணன் முன்னால் போய் நின்றேன். "அண்ணே, பர்மிட் ஆபீஸ்ல உங்க கையெழுத்து ஒண்ணு வேணும், இன்னிக்கே" என்றேன். அட்டையைப் புதுப்பிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டார் போல. "அட கடவுளே, இத முன்னாடியே சொல்றதில்லையா? வா வா" என்று பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். வழியெல்லாம் பாப்பாவின் படிப்பை விசாரித்துக்கொண்டு வந்தார். நான் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு லிஃப்ட்டில் ஏறினோம். நான்காம் மாடி தாண்டியது, ஒரு குலுக்கல், நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, இருவரும் மேலே பார்த்தோம். இரண்டு டாக்டர்கள் நோயாளியாக ஒரே கட்டிலில் படுத்த மாதிரி இருந்தது.

"கதவுப் பூட்டு கான்டாக்ட்" என்றார் அவர். கதவு மூடியிருக்கிறது என்று லிஃப்ட்டுக்குச் சொல்லும் மின்தொடர்பு அது, அது விட்டுப்போனால் லிஃப்ட் நகராது.

"ஆமாண்ணே. அஞ்சாவது மாடி."

"உனக்கெப்படித் தெரியும்?"

"இது என் ஏரியாண்ணே. மாத்தணும்னு ரிப்போர்ட் எழுதி மூணு மாசமாச்சு. சாமான் வரல."

"நான் பாக்கலையே?"

"நீங்க எண்ணிக்கைய மட்டும்தாண்ணே பாப்பீங்க."

அபாய மணியை அழுத்தினேன். அது எங்கள் கம்பெனிக்குத்தான் போகும். அரை நிமிடத்தில் என் சட்டைப் பையில் மணி அடித்தது. ரிப்போர்ட் அக்கா.

"தம்பி, பர்மிட் ஆபீஸ் கட்டடம், ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாங்க. உன் பேர்ல போட்டுட்டேன். இருபது நிமிஷத்துல போயிடுவியா?"

"நான் போயாச்சுக்கா."

"அட்றா சக்கை! உள்ள யாரு?"

"நானும் முதலாளியும்."

"சரி, பயப்படாதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லு" என்றார், பழக்கதோஷத்தில்.

"அக்கா, வேற ஆள அனுப்புங்க."

"வேற ஆளுக்கு மாத்தணும்னா நீ முடியாதுன்னு போடணும். போட்டா உன் பேர்ல சிவப்பாயிடும். பரவாயில்லையா?"

கட்டைவிரல் 'முடியாது' என்பதன் மேலேயே நின்றது. ஸ்பேனர் அண்ணன் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "போடுய்யா. மாட்டிக்கிட்டவனே எப்படி வந்து எடுப்பான்?" என்றார். போட்டேன். பதினோரு வருடத்தில் முதல் சிவப்பு. என்னவோ அதைப் பார்த்ததும் பயமே போய்விட்டது. சிவப்பானாலும் மூச்சு வரத்தான் செய்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்த வேகத்திலேயே சொல்லிவிட்டேன். "அண்ணே, நீங்க நினைக்கற கையெழுத்து இல்ல இது. நான் வேற இடத்துக்குப் போறேன். என்னை விடுறேன்னு நீங்க எழுதணும். எழுதலைன்னா பாப்பா பரீட்சை எழுத முடியாது."

அவர் லிஃப்ட்டின் சுவரில் சாய்ந்துகொண்டார். "பதினோரு வருஷம். வாயத் திறந்து சொல்ல மாட்டியா?"

"மூணு தடவ வந்தேண்ணே."

"வந்தப்ப எல்லாம் ரோப்புன்ன, பம்புன்ன..."

"நீங்க என்ன பிரச்சனைன்னு கேட்டீங்க. ரிப்போர்ட்லயும் எழுதினேன். அதுக்குத்தான் கை தட்டுனீங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிடமானது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்திருக்கிறார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் என் முதலாளிய விட்டு வந்தப்ப எழுதிக்கூடக் குடுக்கல. மத்தியானம் சாப்பிடப் போறேன்னு சொல்லிட்டு வந்தவன்தான். இன்னிக்கும் அந்தத் தெரு வழியா நான் போறதில்ல, சுத்தித்தான் போறேன்" என்றார். மணி மூன்று முப்பத்தைந்து.

ரிப்போர்ட் அக்கா அனுப்பிவைத்த ஆளை நாங்கள் நிதானம் என்போம். நல்ல தொழிலாளி, ஆனால் வீடு பற்றி எரிந்தாலும் டீயை முடித்துவிட்டுத்தான் வாளியைத் தேடுவான். அன்றைக்கு என்ன புண்ணியமோ பக்கத்துத் தெருவில் இருந்திருக்கிறான். மூன்று ஐம்பதுக்கு ஐந்தாம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தான். எங்கள் பெட்டி பாதி கீழே நின்றிருந்தது. தலைக்கு மேலே ஒரு முழ இடைவெளி, அதில் நிதானத்தின் முகம். "அண்ணே, சௌக்கியமா? மேல போய் பிரேக்கைக் கையால விட்டு, மெதுவா எடுக்கறேன். ஒரு கால் மணி நேரம்" என்றான்.

"பத்து நிமிஷம்தாண்டா இருக்கு! ஏறி வந்துடறேன்" என்று நான் விளிம்பைப் பிடித்தேன். ஸ்பேனர் அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "இடைவெளி வழியா யாரும் ஏறக் கூடாதுன்னு எல்லா மோட்டார் ரூம்லயும் எழுதி ஒட்டியிருக்கறது யாரு? நான்தானே? நீ நசுங்கிட்டா உன் பொண்ணு எந்தப் பரீட்சை எழுதுவா?" என்றார். உண்மை. அப்படிப் போனவர்களை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம். "அப்ப அந்த அம்மாவக் கூப்பிடு. ஆறாம் மாடி, கண்ணாடி போட்ட அம்மா. ஓடு" என்று நிதானத்தை விரட்டினேன். அத்தான், பதினோரு வருடப் பழக்கத்தில் முதல்முறையாக நிதானம் ஓடிப் பார்த்தேன்.

மூன்று ஐம்பத்துநான்குக்கு அந்த அம்மா வந்தார். ஒரு கையில் என் கோப்பு, மறு கையில் முத்திரையும் மைப்பெட்டியும். குனிந்து பார்த்தார். கோப்பு அட்டை ஒன்றைத் தரையில் போட்டு, விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி உட்கார்ந்தார். பின்னால் ஒரு கூட்டமே நின்றது.

"நீங்கதான் முதலாளியா?"

"ஆமாம்மா."

"அடையாள அட்டை?"

கையைத் தூக்கிக் கொடுத்தார். அந்த அம்மா முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "இவர விடுவிக்க உங்களுக்குச் சம்மதமா?"

ஸ்பேனர் அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் நான் எங்கள் வீட்டைக் காலி செய்து, பாத்திரம் பண்டங்களைப் பெட்டியில் கட்டி, பாப்பாவின் புத்தகங்களை யாருக்குக் கொடுப்பது என்பது வரை யோசித்துவிட்டேன்.

"சம்மதம் இல்லம்மா" என்றார். "ஆனா கையெழுத்துப் போடறேன்."

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்ல சார். ஆம், இல்லை, ரெண்டுதான்."

"அப்ப ஆமான்னே போடுங்க."

சட்டைப் பையில் கை விட்டார், ஸ்பேனர்தான் வந்தது. அந்த அம்மா தன் பேனாவைக் கொடுத்தார். வைத்து எழுத இடமில்லை. நான் குனிந்து நின்றேன், என் முதுகின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்து ஒவ்வொன்றும் முதுகில் தெரிந்தது. தாள் மேலே போனது. யாரோ ஒருவர், "அதிகாரி முன்னிலையில போடணும்னு இருக்கே, இது செல்லுமா?" என்றார். கூட்டத்தில் இப்படி ஒருவர் எப்போதும் உண்டு. அந்த அம்மா முத்திரையை ஊதிக்கொண்டே, "என் முன்னாடிதான் போட்டாரு. ரெண்டு பேரும் ஒரே உயரத்துல இருக்கணும்னு சட்டத்துல இல்ல" என்றார். மூன்று ஐம்பத்தேழுக்கு முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்தைவிட இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை. இப்படியாக, அத்தான், என் மனைவியையும் மகளையும் நான் காப்பாற்றினேன்.

புது அட்டை பன்னிரண்டு நாளில் வந்தது. ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்து மூன்று வாரமாகிறது. பாப்பாவின் பரீட்சை நேற்றுத் தொடங்கியது, முதல் தாள் நன்றாக எழுதியிருக்கிறாளாம். மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறேன். நான் ஆறு மணிக்கு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியவில்லை, பழகிக்கொண்டிருக்கிறோம். பழைய கம்பெனியில் கடைசி நாளன்று ரிப்போர்ட் அக்கா ஒரு டப்பா முறுக்கு கொடுத்தார். அனுமதி அலுவலகத்தின் ஐந்தாம் மாடி கான்டாக்ட் மறுநாளே மாற்றப்பட்டுவிட்டது. ஸ்பேனர் அண்ணன் இப்போதெல்லாம் மஞ்சள் தாள்களை வரிக்கு வரி படிக்கிறாராம். எனக்கு போன் செய்து நிதானம் அழுகிறான். இத்தனை பேர் தயவில் நடந்த காரியத்தை நான் ஒருவன்தான் குடும்பத்தைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்வது முறையில்லை. ஆனாலும் கவலை முழுவதையும் தனியாகச் சுமந்து காப்பாற்றினேன் என்பதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அக்காவுக்கும் உங்களுக்கும் எங்கள் மூவரின் நமஸ்காரம். அக்கா உப்பைக் குறைத்துக்கொள்ளட்டும், நீங்கள் மாடிப்படியைக் குறைத்துக்கொள்ளுங்கள். குடித்தனக்காரரிடம் எதுவானாலும் வாயாலேயே சொல்லிப் பாருங்கள், சில சமயம் அதுவும் பலிக்கிறது. உங்கள் ஆசி எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத மைத்துனன்

பின்குறிப்பு: இதை அனுப்பக் கவர் தேடி உங்கள் தங்கையின் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். அனுமதி அலுவலகத்தின் முத்திரை போட்ட ஒரு கவர் இருந்தது. உள்ளே அவள் படம் போட்ட அட்டை. 'சார்ந்திருப்பவர்' என்ற சொல் அதில் இல்லை. அவள் வாரத்தில் நான்கு நாள் போய் வருகிற பள்ளிச் சீருடை தைக்கும் கடையின் பெயர் இருந்தது. தேதி, நான் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டதற்குப் பத்தொன்பது நாள் முந்தையது. கூடவே பாப்பாவின் புது அட்டை, அதில் அவள் அம்மாவின் எண்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"கடைக்காரம்மா முழு நேரமா வரச் சொன்னாங்க. அவங்களே பர்மிட் போட்டாங்க. அப்படியே பாப்பாவையும் என் பேர்ல மாத்திட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னு வரும்போதெல்லாம் நீங்க ஏதோ ஒரு காகிதத்த மறைச்சுக்கிட்டிருந்தீங்க. சரி, மொதல்ல அவரு சொல்லட்டும்னு இருந்தேன்."

"அப்ப அன்னிக்கி அந்தக் கையெழுத்து விழாம போயிருந்தா?" என்று கேட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "நானும் பாப்பாவும் இங்கயேதான் இருந்திருப்போம். நீங்க மட்டும் ஒரு மாசம் அண்ணன் வீட்டுல போய் இருந்துட்டு, என் அட்டையில சார்ந்திருப்பவரா திரும்பி வந்திருப்பீங்க. அண்ணனுக்கும் பேச்சுத்துணை ஆகியிருக்கும்" என்றாள்.

ஆகவே, மேலே 'காப்பாற்றினேன்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். மூன்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். கவரில் விலாசம் எழுதியது உங்கள் தங்கைதான். அனுப்புநர் என்ற இடத்தில் தன் பெயரை முதலில் போட்டு, அதன் கீழே எங்கள் இருவரையும் சேர்த்திருக்கிறாள். வரிசை சரியாகத்தான் இருக்கிறது.